நாலு மணி டீ

என் நாவலைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதிய கடிதம் ஏழெட்டு மாதமாக என் மேஜைமேல் கிடக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை. நேரம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதே வாஸ்தவம்.

அந்த நாவல் எங்கள் தம்மம்பட்டியைப் போன்ற ஓர் ஊரில் நடக்கிறது. ஒரு பக்கம் கொல்லிமலை, மறு பக்கம் பச்சைமலை, நடுவே வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் சுவேத நதி. ஊரில் ஓர் ஆபீஸ். அதன் குமாஸ்தாக்கள் நாலு மணிக்கு எழுந்து பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போகிறார்கள். கதையில் முக்கியமானதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் நடக்கிறது. கடன் கேட்பது, மாற்றல் பயம், மகள் கல்யாணம், ஒருவன் இன்னொருவனைக் காட்டிக்கொடுப்பது, பிறகு காட்டிக்கொடுத்தவன் தோளிலேயே சாய்ந்து அழுவது, எல்லாம் பாய்லருக்குப் பக்கத்தில். விமரிசனம் எழுதிய இரண்டு மூன்று பேர் இந்தக் காட்சிகளைத்தான் தனியாக எடுத்துப் பாராட்டியிருந்தார்கள். எனக்கும் அவற்றைப்பற்றிக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

வாசகி எழுதியது இது: “உங்கள் ஆபீஸில் ஒன்பது பேர் வேலை செய்வதாக முதல் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களில் மூன்று பேர் பெண்கள். முந்நூறு பக்கங்களில் அந்த மூன்று பேரும் சேர்ந்து பதினொரு வாக்கியம் பேசுகிறார்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதில் நாலு வாக்கியம் ‘சார், கையெழுத்து’ என்பது. நாலு மணிக்கு ஆண்கள் எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அந்த ஆபீஸில் என்ன நடக்கிறது? நான் அப்படிப்பட்ட ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நாவலைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.”

கோபம் வந்தது. எந்த இடத்தில் நின்று கதை சொல்வது என்பது எழுதுகிறவனின் உரிமை. டீக்கடையில் நிற்கிறேன் என்றால் டீக்கடையில் நடப்பதைத்தான் எழுத முடியும். சமையலறையில் வைத்துக் கதை எழுதுகிறவரிடம் போய், வாசல் திண்ணையில் என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்பார்களா? இப்படியெல்லாம் மனசுக்குள் பதில் ஓடியது. அன்று மாலையே கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நண்பர்களைப் பார்க்கப் போனேன். எங்கே போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. டீக்கடைக்குத்தான்.

எங்கள் கோஷ்டியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு. கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். “நாலு ஆம்பளைங்க நாலு டம்ளர் டீ குடிச்சா அதுகூடவா பெண்ணடிமை? ஏம்ப்பா, இதுக்கெல்லாம் நீ பதில் எழுதணுமா?” என்றார். மரச் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் இன்னொருவர், “அவங்களும் வரட்டுமே, யாரு வேண்டாங்கறா? பெஞ்சுல இடம் இருக்குதே” என்றார். சென்னையில் கம்பெனி வேலையில் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருந்த ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. தன் கம்பெனியில் மேலதிகாரியும் சில ஆண்களும் சனிக்கிழமைதோறும் கிரிக்கெட் ஆடப் போவதைப்பற்றிப் பெரிய தகராறு வந்ததாம். புதிய வேலைகள் யாருக்கு என்பதை அந்த மைதானத்திலேயே தீர்மானித்துவிடுகிறார்கள் என்று பெண்கள் புகார் எழுதிக் கொடுத்தார்களாம். கம்பெனியே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி ‘இது அநீதி’ என்றது. மற்றது ‘இது அற்ப விஷயம்’ என்றது. “நீ எந்தக் கட்சி?” என்று தமிழாசிரியர் கேட்டார். “நான் விக்கெட் கீப்பருங்க” என்றான் பையன். அதற்கும் சிரித்தோம்.

அற்ப விஷயம் என்கிற கட்சிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை நான் லேசாக ஒதுக்கிவிட மாட்டேன். நம் ஆண்பிள்ளைகள் வீட்டில் பேசுவதில்லை. பேசினால் அதிகாரம் பண்ணுவார்கள், அல்லது சும்மா இருப்பார்கள். சர்க்கரை வியாதி வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதைப் பெண்டாட்டியிடம் சொல்வதற்கு முன் டீக்கடையில்தான் சொல்கிறார்கள். சீட்டுப் பணம் போச்சு என்பதும் முதலில் அங்கேதான் வெளியே வருகிறது. அந்தப் பெஞ்சையும் பிடுங்கிவிட்டால் அவர்களுக்கு வாயே இல்லாமல் போய்விடும். தவிர, சிநேகிதம் என்பது இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தேர்ந்துகொள்வது. அதைச் சட்டம் போட்டு விநியோகிக்க முடியாது. பெண்களுக்கும் இப்படி ஒரு வட்டம் உண்டு. எந்த ஆபீஸிலும் மத்தியானம் ஒரு மணிக்குப் பாருங்கள். மேஜையை ஒட்டிப் போட்டுக்கொண்டு, டிபன் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் சோற்றில் விழுகிறது. அங்கே ஆண்களைக் கூப்பிடுவதில்லை. அது அநீதி என்று எந்த ஆணும் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஒரு மணிச் சாப்பாட்டு வாதம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாசகிக்கு அதையே பதிலாக எழுத ஆரம்பித்தேன். ஒன்றரைப் பக்கம் எழுதியும் விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சொந்தக் காரியமாக ஓர் ஆபீஸுக்கு நாலைந்து நாள் நடக்க வேண்டி வந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. நம் பக்கத்து ஆபீஸ்களெல்லாம் ஒரே சாயல்தான். என் காகிதம் ஓர் அம்மாளிடம் இருந்தது. ஐம்பது வயதை நெருங்கியவர். மூன்றே முக்காலுக்கு நான் போய் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு ஆண்கள் எழுந்தார்கள். ஒரு மேஜை டிராயர் சாத்தப்பட்டது, அடுத்தது சாத்தப்பட்டது, ஒருவர் செருப்பைத் தேடினார். சூப்பரின்டெண்டெண்டும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். என்னைத் தெரிந்த ஒருவர், “வாங்க சார், ஒரு டீ அடிச்சுட்டு வரலாம்” என்றார். காகிதம் முடியட்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நாலு மணிக்கு நான் உள்ளே உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

மொத்தம் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் டெலிபோன் ஆறேழு தடவை அடித்தது. எல்லாம் வேறு வேறு மேஜைக்கானவை. அந்த அம்மாளும் இன்னொரு பெண்ணும் மாறி மாறி எழுந்து போய்ப் பதில் சொன்னார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த கிழவர் ஒருவர் கடைசி பஸ்ஸுக்குள் திரும்ப வேண்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருடைய காரியத்தைப் பார்க்க வேண்டியவர் டீக்கடையில் இருந்தார். அம்மாள் அந்த மேஜைக்குப் போய்க் கட்டைப் பிரித்து, தேடி, எடுத்து, முடித்துக் கொடுத்து அனுப்பினார். பக்கத்து மேஜையில் இன்னொரு பெண்ணின் டீ ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

நாலு நாற்பதுக்கு ஆண்கள் திரும்பி வந்தார்கள். நல்ல உற்சாகமாக இருந்தார்கள். ஒருவர் அந்த அம்மாளிடம் வந்து, “அம்மா, அடுத்த மாசத்திலேருந்து நீங்க அந்தப் பழைய ரிக்கார்டு செக்ஷனைப் பாக்கணும். சேலம் கம்ப்யூட்டர் ட்ரெயினிங்குக்கு நம்ம தம்பி போறான். சாரும் சரின்னுட்டார்” என்றார்.

“எப்போ பேசினீங்க?” என்றார் அம்மாள்.

“இப்பத்தாம்மா. டீ குடிக்கறப்போ.”

அம்மாள் வேறொன்றும் சொல்லவில்லை. ரிஜிஸ்தரில் ஒரு பக்கம் புரட்டினார். என் காகிதத்தில் முத்திரை குத்தி என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்து அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு மணிச் சாப்பாட்டுக்கும் நாலு மணி டீக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி வட்டத்தில் சூப்பரின்டெண்டெண்ட் உட்காருவதில்லை. அங்கே மாமியாரைப்பற்றிப் பேசலாம், தங்கம் விற்கிற விலையைப்பற்றிப் பேசலாம். அடுத்த மாதம் யார் எந்த மேஜையில் உட்காருவது என்பதைத் தீர்மானிக்க முடியாது. சாப்பிட்டு எழுந்தால் அந்தப் பேச்சு டப்பாவோடு மூடிவிடும். நாலு மணிப் பேச்சு அப்படியில்லை. ஆபீஸுக்குள் திரும்பி வந்து உத்தரவாக நிற்கிறது.

இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிடித்துச் சொன்னது, நான் அறிந்த வரையில், அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு. ரோட்டரி சங்கத்தை நம் வாசகர்களுக்குத் தெரியும். சின்ன டவுன்களில்கூடச் சக்கர முத்திரை போட்ட பலகையைப் பார்க்கலாம். 1905-இல் சிகாகோவில் நாலு பேர் கூடி ஆரம்பித்தது. ஒருவர் ஆபீஸில் ஒரு வாரம், இன்னொருவர் ஆபீஸில் மறு வாரம் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் அந்தப் பெயர். வியாபாரமும் தொழிலும் செய்கிறவர்களின் சிநேக சபை. எண்பது வருஷத்துக்கு மேல் அதில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊரின் சங்கம் பெண்கள் சிலரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. தலைமைச் சங்கம் 1978-இல் அந்த ஊர்ச் சங்கத்தையே தள்ளிவைத்துவிட்டது. வழக்கு நடந்தது. ‘நாங்கள் நண்பர்கள், யாரோடு சேர்ந்து சாப்பிடுவது என்பது எங்கள் இஷ்டம்’ என்பதுதான் ரோட்டரியின் வாதத்துக்கு அடிப்படை. எங்கள் தமிழாசிரியர் சொன்னதேதான்.

1987-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. குடும்பம் போலவோ அந்தரங்க நட்புப் போலவோ நெருக்கமான கூட்டமல்ல இது என்றது. அதோடு இன்னொன்றும் சொன்னது. பெண்களுக்குச் சம உரிமை என்பது கடையில் சாமான் வாங்குவதோடு முடிவதல்ல; தொழில் தொடர்புகளும் தலைமை வகிக்கும் பழக்கமும் கிடைக்கிற இடங்களில் நுழைவதும் அந்த உரிமையில் சேர்ந்தது என்றது. ரோட்டரி 1989-இல் தன் விதியையே மாற்றிக்கொண்டது. 2022-இல் ஜெனிபர் ஜோன்ஸ் என்ற பெண் உலக ரோட்டரிக்கே தலைவரானார். அற்ப விஷயம் என்று சொன்ன கட்சி அந்த விருந்துகளுக்குப் போய்க் கைதட்டியிருக்கும். அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் எப்போதும் நல்லவர்கள்தான்.

ஆனால் ரோட்டரியில் ஒரு வசதி இருந்தது. ‘ஆண்’ என்று விதிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுதியிருப்பதைக் கோர்ட்டு அடிக்கலாம். நம் நாட்டிலும் எழுதியிருந்தவை அடிபட்டிருக்கின்றன. 1949-இல் இந்திய வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்த முதல் பெண் சி. பி. முத்தம்மா. நம் சென்னையில் படித்தவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ளச் சர்க்காரின் அனுமதி பெற வேண்டும் என்று அந்தச் சேவையில் ஒரு விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த மாதிரி விதிகளைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார். முத்தம்மாவுக்கு இரண்டு வருஷம் பின்னால், 1951-இல், ஐ.ஏ.எஸ்.ஸில் தேறிய முதல் பெண் அன்னா ராஜம். சென்னை ராஜ்யத்துக்கு வந்தார். பெண்ணை ஜில்லா நிர்வாகத்துக்கு அனுப்புவதா என்று முதலமைச்சர் ராஜாஜி தயங்கினார். செயலகத்தில் ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று நினைத்தார். குதிரை ஏற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் எனக்கும்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் விடாமல் வாதாடி, ஓசூருக்குச் சப்-கலெக்டராகப் போனார். அன்றைக்கு ஓசூர் எங்கள் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. கல்யாணமானால் வேலை போய்விடும் என்ற நிபந்தனையும் அவருடைய நியமன உத்தரவில் இருந்தது. அந்த நிபந்தனையும் பிற்பாடு போய்விட்டது.

டீக்கடைக்கு விதிப் புத்தகம் கிடையாது. அதுதான் சிக்கல். அரசியல் சட்டத்தின் 15-ஆம் விதியின் இரண்டாம் பிரிவைப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் எந்தப் பிரஜையையும் கடைகளிலோ பொது உணவு விடுதிகளிலோ நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. சாதி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே பால் என்ற சொல் நிற்கிறது. 1950 முதல் நிற்கிறது. சாதி விஷயத்தில் இந்தச் சொல் எவ்வளவு பெரிய வேலை செய்ய வேண்டியிருந்தது, இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளைச் சரித்திரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அன்றைக்கும் ‘டம்ளரில் என்ன இருக்கிறது, டீ ஒன்றுதானே’ என்று சொன்ன நல்லவர்கள் இருந்தார்கள். நான் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கண்ணாடி டம்ளர் மறுக்கப்பட்டவனின் அவமானம் வேறு; அதை ஆபீஸ் சண்டையோடு ஒப்பிடுவது அவனுக்குச் செய்யும் துரோகம். டீ என்பது அற்பமான பொருளாதலால் டீக்கடையில் நடப்பதும் அற்பம் என்கிற வாதத்தைத்தான் அந்தச் சரித்திரம் அறிந்த பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

“அவங்களும் வரட்டுமே” என்ற பட்டறைக்காரரின் பேச்சுக்கு வருகிறேன். அவர் மனசில் கள்ளமில்லை. ஆனால் எங்கள் ஊர் போன்ற இடத்தில் ஒரு பெண் பஸ் நிலையத்துக்கு எதிரே பெஞ்சில் நாலு ஆண்களோடு உட்கார்ந்து டீ குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது பேக்கரிகள் வந்திருக்கின்றன. உள்ளே மேஜை நாற்காலி போட்டிருக்கிறார்கள். பெண்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்து முட்டை பப்ஸ் சாப்பிடுகிறார்கள். நல்ல மாறுதல். ஆனால் பேக்கரிக்கு வருகிற பெண் குடும்பத்தோடு வருகிற பெண். ஆபீஸ் விஷயம் பேச அங்கே வருவதில்லை. சேகோ மில்களில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிக்கும் பெண்களுக்குத் தூக்குவாளியில் டீ உள்ளே வருகிறது. டிராக்டர் ஓட்டுகிறவன் வெளியே போய்க் குடிக்கிறான். இந்த ஏற்பாடு சர்க்கார் ஆபீஸ்களுக்கு முந்தியது. ஆபீஸில் புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-இல் சர்க்கார் உத்தியோகங்களில் பெண்களுக்கு நூற்றுக்கு முப்பது ஒதுக்கினார்கள். 2021-இல் அதை நாற்பதாக்குவதாக அறிவித்தார்கள். என் நாவலில் ஒன்பது பேருக்கு மூன்று பெண்கள் என்று நான் கணக்குப் போட்டது இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான். நாற்காலிகளைச் சட்டம் கொண்டுவந்து போட்டுவிட்டது. பேச்சு எழுந்து வெளியே போய்விட்டது. இதைவிட மோசமான மாலை ஏற்பாடும் உண்டு. பதவி உயர்வுக்கு ‘ட்ரீட்’, மாற்றலுக்கு ‘ட்ரீட்’ என்று மதுக்கடைப் பக்கம் போகிற கூட்டம். அங்கே பேசித் தீர்க்கப்படும் உத்தியோக விஷயங்கள் ஏராளம். குடிக்காத ஆண்களும் அங்கே போய் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், போகாவிட்டால் நம் பெயர் விட்டுப்போகும் என்கிறார்கள். அந்தச் சோடாக்காரர்களுக்கு விஷயம் அற்பமல்ல என்று நன்றாகத் தெரியும்.

என் தொழிலுக்கு வருகிறேன். எங்கள் தொழிலுக்கு ஆபீஸ் கிடையாது என்று சொல்வார்கள். பொய். ஆபீஸே டீக்கடையில்தான் இருந்தது. தமிழ்ச் சிறுகதையின் பொற்காலம் என்று நாம் சொல்லும் மணிக்கொடிக் காலத்தைப்பற்றி பி. எஸ். ராமையா எழுதிய புத்தகத்துக்கு 1982-இல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. நண்பர்களின் சரித்திரம் அது. ஆண் நண்பர்களின் சரித்திரம். டி. கே. சி.யின் வட்டத்தொட்டி இன்னொரு பெரிய பெயர். நான் எழுத வந்த காலத்திலும் யார் யாரைப் படிக்க வேண்டும், எந்தப் பத்திரிகை யாருடைய கதையை எடுக்கும் என்பதெல்லாம் நடந்து போகும்போதும் காபி குடிக்கும்போதும்தான் எனக்குச் சொல்லப்பட்டன. என் முதல் கதை அச்சானதற்கு என் எழுத்து எவ்வளவு காரணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சரியான பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு காரணம் என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பெஞ்சில் உட்காராதவர்கள் என்ன செய்தார்கள்? வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இலிருந்து ‘ஜகன்மோகினி’யைத் தானே நடத்தினார், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். தனக்கென்று ஒரு பெஞ்சைத் தானே செய்து போட்டுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இலக்கியப் பேச்சில் அவர் பெயர் வந்தால் எங்கள் ஆட்கள் லேசாகச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அவர் நாவல் ஒன்றையும் படிக்காமலேயே. எங்கள் ஊரிலிருந்து துறையூர் வழியாகப் போனால் அதிக தூரமில்லாத தொட்டியத்தில் பிறந்த லக்ஷ்மி, டாக்டர் தொழிலும் பார்த்துக்கொண்டு எழுதிக் குவித்தார். அவருடைய நாவல்களுக்காகப் பெண்கள் வாராவாரம் பத்திரிகைக்குக் காத்திருந்தார்கள். அதையும் ‘பெண்கள் படிக்கிறது’ என்று ஒரு தட்டில் ஒதுக்கி வைத்தோம். ராஜம் கிருஷ்ணன் கதை வேறு. டீக்கடையில் உட்கார முடியாத அவர் தூத்துக்குடி உப்பளத்துக்கே போனார். அங்கே காலில் உப்பு அரிக்க வேலை செய்கிறவர்களோடு பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். உப்பளத்தைப்பற்றி டீக்கடையில் கேட்டறிந்து எழுதுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அவருக்கு அந்த வசதி இல்லாமல் போனதில் தமிழுக்கு ஒரு நல்ல நாவல் லாபம். ஆனால் இதைச் சமாதானமாகச் சொல்வது அயோக்கியத்தனம். எல்லோரும் ராஜம் கிருஷ்ணன் ஆக முடியாது. பெஞ்சும் இல்லாமல், உப்பளத்துக்குப் போகவும் முடியாமல், இரண்டு மூன்று கதையோடு நிறுத்திக்கொண்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த இலக்கியச் சரித்திரமும் எண்ணவில்லை.

‘ஆண்தானே, எனக்கு எப்படித் தெரியும்?’ என்று நான் தப்பித்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ குறுக்கே வந்து நின்றது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கும் பம்புக்கும் அலையும் பெண்கள். ஜமுனா, சாயா, டீச்சரம்மா. அந்த உலகத்தில் ஆண்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுதியவர் ஆண். அவர் குடம் தூக்கி வரிசையில் நின்றாரா என்று எனக்குத் தெரியாது. நின்றவர்களை நிதானமாகப் பார்த்திருக்கிறார் என்று ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. நான் என் ஆபீஸை அப்படிப் பார்க்கவில்லை. நாலு மணிக்குக் கதையையும் கையோடு கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பாத்திரங்கள் போனார்கள் என்றால் அது அவர்கள் வழக்கம். எழுதுகிறவனும் அவர்களோடு எழுந்து போனது என் குற்றம். எங்கே நின்று கதை சொல்வது என்பது என் உரிமை என்று முதலில் கோபப்பட்டேன் அல்லவா? நான் எதையும் தேர்ந்து நிற்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், போனேன்.

இவ்வளவும் யோசித்த பிறகு ஒரு நாள் அந்த ஆபீஸ் அம்மாளைக் கோயில் வாசலில் பார்த்தேன். அன்று நடந்தது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னேன். உங்களையும் டீக்குக் கூப்பிடச் சொல்லி நான் அவர்களிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அந்த ஆண்களில் இரண்டு பேர் என் வாசகர்கள். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு.

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கு எதுக்கு சார் அவங்க டீ? எனக்கு ப்ளாஸ்க்குல வருது. அங்க போய் அவங்க வீட்டுக் கதையைப் பேசிக்கட்டும், நாம வேண்டாங்கலை. ஆபீஸ் பேச்சை ஆபீஸ்ல பேசச் சொல்லுங்க. எங்க காதுலயும் விழற மாதிரி பேசச் சொல்லுங்க. அது போதும்” என்றார். பிறகு, “நாலு மணிக்கு டெலிபோனை எடுக்கறதுக்கு ஒரு ஆளை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

இதைத் தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இதுல ஒண்ணும் தப்பில்லையேப்பா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் டைம் டேபிள் எப்போதும் ஒரு டீக்கடையில்தான் போடப்பட்டது என்றும், கடைசிப் பீரியட் எல்லாம் டீச்சரம்மாக்கள் தலையில்தான் விழும் என்றும் தானாகவே சொன்னார். அவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைப் பார்த்துச் சிரித்ததையும் சொன்னார்.

நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வரப்போவதாகப் பதிப்பாளர் சொல்கிறார். திருத்தம் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தில், ஆண்கள் போன பிறகு நாலு மணியிலிருந்து நாலு நாற்பது வரை, ஆபீஸுக்குள் இருந்து எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. பெண்கள் எனக்காகப் பேசுவது போலவே வருகிறது. வாசகி சொன்ன பதினொரு வாக்கியங்களையும் எடுத்து எண்ணிப் பார்த்தேன். அவர் ஒன்றை விட்டுவிட்டார். பன்னிரண்டு இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் ஒருத்தி, “சார், லைட்டை அணைச்சுடட்டுமா?” என்று கேட்கிறாள். யாரிடம் கேட்கிறாள், யாராவது பதில் சொன்னார்களா என்று நான் எழுதவில்லை.